இரண்டு தட்டு

அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் போடும்போது மகளின் விரலில் சிவப்பாக ஏதோ ஒட்டியது. பதறிப்போய்ச் சட்டைப் பையைத் தடவினாள். சாக்கட்டித் துண்டு. அம்மாதான் வைத்திருக்க வேண்டும்.

"எடுக்காத. அது இல்லாம அவர் எங்க போயிருக்கார்?" என்றாள் அம்மா.

கட்டி இரண்டாக உடைந்தது. பாதியைப் பையிலேயே விட்டுவிட்டு மீதியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

லாரி ஷெட்டில் முப்பத்திரண்டு வருஷம் வண்டிகளைச் சோதித்து அனுப்பியவர் அப்பா. பிரேக் சரியில்லையா, டயர் தேய்ந்திருக்கிறதா, டிரைவரின் கண் சொருகுகிறதா, சக்கரத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழும். அப்புறம் முதலாளியே வந்தாலும் வண்டி நகராது. எல்லாம் சரியென்றால் ஒரு சுற்று வந்து கதவில் இரண்டு தட்டு தட்டுவார். அதன் பிறகுதான் கிளம்பும்.

"எமனாவது விட்டுடுவான், இவரு விடமாட்டாரு" என்பார்கள் டிரைவர்கள். அவர்கள் திட்டியதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் அவள்.

"தூக்க நாலு பேராவது வருவாங்களாம்மா?"

அம்மா குனிந்து அப்பாவின் காலரைச் சரிசெய்தாள்.

ஷெட்டின் வேன் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவனைப் பார்த்ததும் மகள் எழுந்து நின்றாள். ஷெட்டில் எல்லோரும் 'மீசை' என்று கூப்பிடும் டிரைவர். பதினோரு வருஷத்துக்கு முன் இதே வாசலில் நின்று, "நீயெல்லாம் நல்லாவே இருக்க மாட்டே" என்று கத்திவிட்டுப் போனவன். அன்று அப்பா சாப்பிடவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"அன்னிக்குக் கத்தினது ஞாபகம் இருக்காம்மா?"

"இருக்கு" என்றாள் மகள்.

"வீட்டுக்காரிக்குப் பிரசவ வலின்னு போன் வந்துது. ரெண்டு நாள் தூக்கமில்லாம ஓட்டி வந்தவன், அதே லாரியில கிளம்பப் போனேன். சாவியப் பிடுங்கிட்டாரு. 'அஞ்சு நிமிஷம் கண்ண மூடு, தூக்கம் வரலன்னா போ'ன்னாரு. முழிச்சப்ப ஆறு மணி நேரம் போயிருந்துது. பொண்ணு பொறந்தாச்சு. பக்கத்துல இல்லாமப் போயிட்டேனேங்கற கோபத்துலதான் இங்க வந்து கத்தினேன்." மீசையைத் துடைத்துக்கொண்டான். "இப்ப ஆறாவது படிக்கிறா. பேச்சுப் போட்டியில பரிசு. வாய் என்னை மாதிரி."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"எங்க? சொன்னா இன்னும் ரெண்டு வண்டிய நிறுத்துவாரேன்னு பயம்."

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகள் வெளியே பார்த்தாள். தெருமுனை வரை டிரைவர்கள் நின்றிருந்தார்கள். யார் தூக்குவது என்பதில்தான் தள்ளுமுள்ளு.

அப்பாவை ஏற்றியாயிற்று. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி மட்டும் நகரவில்லை.

"ஏன் நிக்குது?" என்றாள் அம்மா.

மீசை ஜன்னலில் தலையை நீட்டினான். "யாரும் தட்டலையேம்மா."

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள்.

அவள் ஒரு சுற்று வந்தாள். டயர்களைக் காலால் அழுத்தினாள். விளக்குகளைப் பார்த்தாள். கைக்குள் சாக்கட்டியோடு பின்சக்கரத்தருகே குனிந்தவள் நிமிர வெகுநேரமாயிற்று, யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் டிரைவர் பக்கம் வந்து நின்றாள்.

"தூங்கினீங்களா?"

"நல்லாத் தூங்கிட்டுத்தாம்மா வந்தேன்."

கதவில் இரண்டு தட்டு தட்டினாள். வேன் மெல்ல நகர்ந்தது, கதவில் இரண்டு சிவப்புத் தடங்களோடு.