ஏழாவது வரி

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 2003 பெப்ரவரி, பிரெஞ்சு பேசும் கனடிய நகரொன்றின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் என் வீட்டுச் சமையலறை. நாளைக் காலை நகுலேஸ்வரனின் அகதி விசாரணை. அவர் சொல்லச் சொல்லப் படிவத்தைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தவன் நான். அதை நினைக்காமல் இருக்கத்தான் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஓர் அமெரிக்கரைக் கற்பனை செய்தேன்.

2

தொடக்கம் ஒன்று: ஹைரம் வெல்டன் வெர்மொன்டில் வக்கீல். சொந்தமாக ஒரு பத்திரிகையும்—

தொடக்கம் இரண்டு: சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில் வெல்டன் ஒரே வரியை அடித்து அடித்து எழுதினார். ஏனென்றால்—

(அடித்து அடித்து எழுதுவது நான். அவர் தலையில் ஏன் கட்டுகிறேன்?)

சரி, நேராகவே சொல்கிறேன். வழக்கு வலுக்கட்டும் என்று, தன்னிடம் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரன் காணாததைக் கண்டதாகப் பத்திரிகையில் அச்சடித்துவிட்டார் வெல்டன். திருத்தம் போட்டால் தேர்தலில் தோற்பார். அச்சகம் அவருடையது, நான்கு வரி போதும். போடவில்லை. சட்டமன்றத்தில் இருபது வருடம் உட்காரவைத்துப் பார்த்தேன். மனிதர் அங்கேயும் வாய் திறக்கவில்லை.

3

[அடிக்குறிப்பாகப் போகவேண்டியது.] நகுலேஸ்வரனின் தம்பியை ராணுவம் பிடித்துப் போனபோது அவர் சந்தையில் இருந்தார். எழுதிப் பார்த்தால் சப்பென்று இருந்தது. "என் கண் முன்னே" என்று ஏழாவது வரியில் சேர்த்தேன். நல்ல வரி என்று பெருமை வேறு. படிவத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன் என்று கீழே கையெழுத்தும் போட்டேன். வாசிக்கவில்லை.

நாளை அவர் சந்தை என்று சொல்வார், படிவம் வேறு சொல்லும். பொருந்தாவிட்டால் அவரை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவருடைய வழக்கறிஞரிடம் இன்றே சொல்லித் திருத்தலாம். அதன்பின் என்னை நம்பி ஒருவரும் படிவம் கொண்டுவரமாட்டார்கள். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

4

முடிவு அ: வெல்டன் திருத்தத்தை அச்சடிக்கிறார், தோற்கிறார்.

முடிவு ஆ: வெல்டன் ஜெயிக்கிறார். கட்சிக்காரன் சிறையில்—

தொலைபேசி அடித்தது. நகுலேஸ்வரன்.

"அண்ணை, அந்தப் படிவத்தை ஒருக்காத் தமிழிலை வாசிச்சுக் காட்டுங்கோ. நாளைக்குக் கேப்பினமெல்லே. நான் ஒண்டும் மாறிச் சொல்லிப்போடக் கூடாது."

வாசிக்கத் தொடங்கினேன். பெயர், ஊர், தம்பியின் வயது. ஆறு வரியும் உண்மை. ஆறாவதில் நின்றுவிட்டேன்.

"ஓம் அண்ணை, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறியள்," என்றார். "மிச்சத்தைச் சொல்லுங்கோ."

வாசகரே, படிவம் இப்போது உங்கள் முன்னாலும் இருக்கிறது. ஏழாவது வரியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அவர் லைனில் இருக்கிறார்.