வடக்கு மேலே

எங்கள் பள்ளிக்கூடத்தில் புவியியலுக்கு நான்தான். இந்த ஆனிமேரி டீச்சர் போட்ட மேப்பில் தப்புக் கண்டுபிடிக்க ஆனையூரில் ஆள் கிடையாது என்று திரிந்தவள். அந்தத் திமிருக்கு வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இது.

பன்னிரண்டாம் வகுப்பு புதுக் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்குப் போகிறது என்றதும், வரலாறு எடுக்கும் கிளமெண்ட் சாரை நூலகத்தில் உட்கார வைத்துவிடலாம் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். சாருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சமயநல்லூரிலிருந்து தனியாக பஸ் பிடித்து வருகிற மனுஷன். பதினோரு வருஷமாக அந்த வகுப்பு அவருடையது.

"படியில விழுந்துட்டா யார் சார் பதில் சொல்றது?" என்றார் ஹெச்.எம்.

கடைசியில், திங்கட்கிழமை காலை யார் துணையும் இல்லாமல் புதுக் கட்டடத்துக் கேட்டிலிருந்து வகுப்புக்குப் போய்க் காட்டினால் வகுப்பு, இல்லாவிட்டால் நூலகம் என்று பேச்சாயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. தொட்டுப் படிக்கிற மாதிரி மேப் செய்து தருகிறேன் என்று சாரிடம் சொன்னேன்.

டைல்ஸ் வேலை நடந்ததால் சனிக்கிழமை வரை உள்ளே விடமாட்டார்கள். இன்ஜினியரின் ப்ளானை வாங்கி வைத்துக்கொண்டு அட்டையில் வேலையைத் தொடங்கினேன். நடைபாதைக்குச் சணல் கயிறு, படிக்கட்டுக்கு உப்புத்தாள், கதவுகளுக்குச் சட்டைப் பித்தான். பெயர்களை சார் சின்னச் சீட்டுகளில் பிரெய்லியில் குத்திக் கொடுக்க, நான் ஒட்டினேன்.

அவர் தொடுகிற விதமே வேறு. இடது கை விரல் கேட்டை விட்டு நகராது. வலது கை போய்த் தேடிவிட்டு அதனிடமே திரும்பி வரும். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றை விரலை ஊர விட்டேன். நாலாவது பித்தானில் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

"ஒரு கையை வாசல்ல காவலுக்கு வைங்க டீச்சர்" என்றார். அப்புறம்தான் பிடிபட்டது.

"அட்டையத் திருப்பி ஒட்டித் தாங்களேன் டீச்சர். கேட்டு என் வயித்துப் பக்கம் இருந்தா நல்லாருக்கும்."

கேட் வடக்கே இருக்கிறது. அதனால் அட்டையில் மேலே.

"வடக்கு மேலதான் சார் இருக்கும். இருபத்திரெண்டு வருசமா பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்குடுக்குறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். நாலு நாள் சார் அதையே தடவிப் படித்தார்.

சனிக்கிழமை கேட்டில் நின்று, "நானும் கண்ணைக் கட்டிக்கிட்டு வாரேன். என் மேப்பு எம்புட்டு சுத்தம்னு பாருங்க" என்று கைக்குட்டையைக் கட்டினேன். அட்டையில் படிக்கட்டு வலது ஓரம். உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் யோசிக்காமல் வலது பக்கம் திரும்பி, சுவரைத் தடவிக்கொண்டே போனோம். பினாயில் வாடை அடித்தது.

"டீச்சரம்மா, இது ஆம்பளைக பக்கம்" என்றார் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த மலையாண்டி.

கட்டை அவிழ்த்தால் கழிப்பறை வாசல். படிக்கட்டு அந்தப் பக்கம், இடது கோடியில் இருந்தது. வடக்கிலிருந்து உள்ளே வருகிறவர்கள் தெற்கே பார்த்து நடக்கிறார்கள். கிழக்கு அவர்களுக்கு இடது கை. இது புத்தியில் உறைக்காத புவியியல் டீச்சர் நான்.

"மனசுல திருப்பிக்கலாம்னு நெனச்சேன் டீச்சர். கை படிச்சதைத்தான் கால் கேக்குது" என்றார் சார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "இதே திங்கக்கெழமையா இருந்தா என் வகுப்பு போயிருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

அட்டையைச் சும்மா திருப்பினால் பிரெய்லி தலைகீழாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போய், எல்லாச் சீட்டையும் உரித்து மறுபடி ஒட்டினேன். வடக்கைக் கீழே வைத்து நான் செய்த முதல் மேப் அதுதான். பொழுது சாய்கிற வரை அவர் கை அதை விடவில்லை.

திங்கட்கிழமை அவர் முன்னே போக, ஹெச்.எம்.மும் நானும் பின்னால் போனோம். கேட்டுக்குள் நுழைந்ததும் சார் நின்றார். வலது தோள் லேசாகத் திரும்பியது. பிறகு நிதானமாக இடது பக்கம் நடந்தார். படிக்கட்டு. இரண்டு மாடி. மூன்றாவது கதவு.

"சரி சார், நாளைலருந்து நீங்களே எடுங்க" என்றார் ஹெச்.எம்.

"நாளைக்கு எதுக்கு சார்? மொத பீரியடு என்னுதுதான?"

கதவைத் திறந்தார். உள்ளே பிள்ளைகள் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. "உக்காருங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டார். ஹெச்.எம்.மும் நானும் வெளியே நின்றோம்.