ஹட்யாயில் ஒரு சனிக்கிழமை

“திரும்பு, பின்னால பார்ப்போம்.”

“பார்த்தது போதும். மூணு நாளைக்குத் தலையில தண்ணி படக் கூடாதாம். முடியைக் கட்டவும் கூடாதாம், கிளிப்பும் போடக் கூடாதாம்.”

“படாம பார்த்துக்க லா. உன்னை இங்க யாரு ஆத்துல இறக்கப் போறா?”

சனிக்கிழமை சாயங்காலம் தாய்லாந்தின் ஹட்யாய் ஓட்டல் அறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, புருஷன் திவாகரன் அவள் முடியை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்துக்கொண்டே சொன்னது அது. திங்கட்கிழமை காலை, மலேசியாவில் புக்கிட் ரோத்தான் வீட்டுக்குப் பின்னாலிருந்த குழாயடியில் மாமனாரின் தங்கை நாகமணி அத்தை முதல் குடத்தைத் தலைக்கு மேல் கவிழ்த்தபோது விஷாலினிக்கு நினைவு வந்ததும் அதுதான். தண்ணீர் இறங்க இறங்க, சலூனில் பூசிய மருந்தின் வாடை மறுபடி கிளம்பியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்னடி இது, கடையில விக்கிற பொம்மை முடியாட்டம் வழுக்குது?” என்றாள் அத்தை. “மாமனார் சாவுக்குன்னே பண்ணிக்கிட்டு வந்தியா?”

சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி சிரிக்கப் போய், வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு குடம் விழுந்தது. மாமாவைக் குளிப்பாட்ட அவள் தண்ணீர் கொண்டு போக வேண்டும். மருமகள் அவள் ஒருத்திதான்.

மாமா செல்லையா நேற்றுக் காலை ஈஜோக்கில், மகள் தனேஸ்வரியின் வீட்டில் இறந்துபோனார். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கையில் இருந்தவர். அந்த மூன்று வருடமும் இந்த வீட்டில்தான் இருந்தார், விஷாலினியின் கையில். ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருந்த கிளார்க் வேலையை அதற்காகத்தான் விட்டாள். விடிந்ததும் மாமாவைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகில் பவுடர் போடுவாள். பெம்பர்ஸ் மாற்றுவாள். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி விடுவாள். மத்தியானம் மறுபடி புரட்டுவாள். அவர் வாய் கோணிப் பேச்சு போய்விட்டதே தவிர, காது நன்றாகக் கேட்டது. டிவியில் செய்தி முடிந்து விளம்பரம் வந்தால் கண்ணாலேயே மாற்றச் சொல்லுவார்.

திவாகரன் அதே ரவாங்கில் இன்னொரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தான். நல்லவன். வேலை முடிந்து வரும்போது அவளுக்குப் பிடித்த கோரெங் பீசாங், மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம், வாங்கி வருவான். லீவு நாளில் அப்பாவைத் தானே குளிப்பாட்டி, இவளைப் போய்ப் படுக்கச் சொல்லுவான். ராத்திரி அவள் கால் வலியென்று சொல்லாமலே கால் பிடித்துவிடுவான். பதினோரு வருடத்தில் அவள்மேல் ஒரு தடவை கை நீட்டினதில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. நான்கு சுவருக்குள் அவனைப் போல் ஒரு புருஷன் கிடையாது என்று அவளே தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

நான்கு சுவருக்கு வெளியில்தான் அவனுக்கு வாய் வராது.

கல்யாணமாகி ஏழாவது வருடம் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார், பிள்ளை இல்லாததற்குக் குறை விஷாலினியிடம் இல்லை, திவாகரனிடம்தான், மருந்தில் சரியாகிற விஷயமும் இல்லை என்று. கார் பார்க்கில் அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். “இப்போதைக்கு யாருக்கும் தெரிய வேணாம் விஷா. அப்பா தாங்க மாட்டாரு. நானே நேரம் பார்த்துச் சொல்றேன்,” என்றான். அவள் சரியென்றாள். அதற்கப்புறம் மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மருமகளுக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தனேஸ்வரி கோயில் கோயிலாகப் பேர் சொல்லி அவளை அனுப்பினாள். அவளும் போய்ச் சுற்றிவிட்டு வந்தாள். ஒரு நாள் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது, வேறு பெண் பார்க்கலாமா என்று மாமா மகனைக் கேட்பது சமையலறைவரை கேட்டது. திவாகரன் கோபப்பட்டான். எனக்குப் பிள்ளையே வேண்டாம், அவள் போதும் என்று அழுத்தமாகச் சொன்னான். கரண்டியைப் பிடித்தபடி அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கோப்பித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோதுதான் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு இப்படிப்பட்டவள் வாய்த்தாளே என்று அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. இந்த நிலைமையில் எப்படிச் சொல்வது என்று திவாகரன் கேட்டான். அதுவும் சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் மாமா மெலிய மெலிய, கஞ்சி விடும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு அவசரம் வந்தது. இவர் போவதற்கு முன் ஒரு தடவை தெரிந்துகொண்டு போக வேண்டும். தான் சொல்லக் கூடாது. அவன் வாயால் சொல்ல வேண்டும்.

அதைக் கேட்கத்தான் ஹட்யாய் போக ஒப்புக்கொண்டாள்.

திட்டம் அவனுடையது. மூன்று வருடமாக நீ வாசலைத் தாண்டவில்லை என்று அவனேதான் அக்காவிடம் பேசி, அப்பாவை ஆம்புலன்ஸ் வைத்து ஈஜோக்குக்குக் கொண்டுபோய்விட்டு வந்தான். வெள்ளிக்கிழமை பாடாங் பெசாரில் எல்லையைத் தாண்டினார்கள். மார்க்கெட்டில் முந்திரியும் உலர்ந்த மாங்காயும் நைட்டியும் வாங்கினார்கள். விலையை அவள் பேச, அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். மாமாவுக்கு முதுகில் தேய்க்க ஒரு தைலமும் மெல்லிய துண்டுகளும் எடுத்தாள். சனிக்கிழமை மத்தியானம் அவன் பிடிவாதமாக ஒரு சலூனுக்கு இழுத்துப்போய், உனக்கு இந்தச் சுருட்டை பிடிக்காதில்ல, ரீபாண்டிங் பண்ணி நேராக்கிக்கோ, இங்கே பாதி விலை என்றான். வேண்டாமென்றவளைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். நாலைந்து மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நடுவில் போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து ஃபேக்டரியிலிருந்து என்றான்.

அன்று சாப்பிடும்போது கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். அவன் ஒரு ஸ்பூனால் டொம்யாம் சூப்பைக் கிண்டிக்கொண்டு, குனிந்தே இருந்தான். களைப்பு போலிருக்கிறது, நாளைக்குக் காரில் கேட்கலாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் பசியாறும்போது மாமா போய்விட்டார் என்று செய்தி வந்தது. எல்லையில் மலேசியக் கார்கள் நீளமாக நின்றன. முன் காரில் ஒரு குழந்தை பின் கண்ணாடிக்குள்ளிருந்து பொம்மையை ஆட்டிக் காட்டியது. ஈப்போ தாண்டும்வரை திவாகரன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். அவள் கேட்பதற்கு இனி என்ன இருந்தது?

ஈரச் சேலையோடு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பின்வாசல் படியில் கால் வைத்தபோது, தனேஸ்வரி வழியில் நின்றிருந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. ஒதுங்கி வழிவிடுவாள் என்று விஷாலினி நின்றாள். அவள் ஒதுங்கவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

“சனிக்கிழமையே போன் பண்ணேன் விஷா. அப்பாவுக்கு மூச்சு இழுக்குது, உடனே வாங்கன்னு. உனக்கு முடி பண்ணிக்கிட்டிருக்காங்களாம். பாதியில எந்திரிச்சா கெட்டுடுமாம், நீ வர மாட்டேங்கறியாம். தம்பி சொன்னான்.” ஈரத்தில் நேராகத் தொங்கிய முடியைப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. கெடல.”

விஷாலினியின் இடுப்பிலிருந்த குடம் ததும்பிப் படியில் கொட்டியது.

“அண்ணி, எனக்கு...” என்று தொடங்கினாள். தனேஸ்வரி திரும்பி நடந்துவிட்டாள்.

மாமாவைக் குளிப்பாட்டினார்கள். மூன்று வருடமாக அவளுடைய கை அறிந்த உடம்பு. மடங்கிய இடது கை இழுத்தால் நிமிராது, மெதுவாக நீவ வேண்டும் என்று அவள் சொல்வதற்குள் ஆண்கள் அதை இழுத்து நேராக்கிவிட்டார்கள்.

வேட்டி மாற்ற திவாகரன் அறைக்குள் வந்தபோது அவள் கதவைச் சாத்தினாள். கட்டில் மேல் ஹட்யாய்ப் பைகள் பிரிக்காமல் கிடந்தன.

“சனிக்கிழமை போன் பண்ணது அண்ணியா?”

அவன் வேட்டியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

“ஏங்க, உங்களத்தான்.”

“எப்பவும் வர்ற இழுப்புதானேன்னு நெனச்சேன் விஷா. ரெண்டு தடவ இந்த மாதிரி வந்து சரியாப் போச்சில்ல? நீ கண்ணாடியப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருந்த. எத்தன வருஷமாச்சு நீ அப்படிச் சிரிச்சு. அத எப்படிக் கெடுக்கறது?”

“நான் வர மாட்டேன்னு சொன்னேனா?”

வெளியே யாரோ, சடங்கு செய்யும் பண்டாரம் வந்துவிட்டார் என்று கூப்பிட்டார்கள்.

“அக்கா கத்துச்சு. என்ன சொல்றதுன்னு தெரியல. வாயில அதான் வந்துச்சு,” என்றான். “ரெண்டு நாள் போனா மறந்துடும். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத.”

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. கட்டிலில் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து, எங்கப்பா என்னைத் தேடியிருப்பாரே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். விஷாலினி கிட்டே போய் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். எழுப்பி நிற்க வைத்து, அவனுக்குச் சரியாகக் கட்ட வராத வேட்டியைத் தானே கொசுவி இடுப்பில் சொருகிவிட்டாள். அவன் குழந்தையைப் போல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். எவ்வளவு சுலபமாகத் தன் கை இதைச் செய்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்னும் முப்பது வருடம் இப்படியே செய்யும் என்றும் தோன்றியது.

கூடத்தில் வாய்க்கரிசி முடிந்தது. மாமாவை மாலைகளோடு நடுவில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் மறுபக்கமும் நின்றார்கள். வாசல் கூடாரத்துக்குள்ளிருந்து தோட்டத்துப் பழைய சிநேகிதர்கள் எட்டிப் பார்த்தார்கள். பண்டாரம் வெள்ளைத் துணி சுற்றி நெய்யில் தோய்த்த குச்சிகளைத் தட்டில் அடுக்கினார். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துத் தாத்தாவைச் சுற்றி வர வேண்டும். அதுதான் அவர்களுடைய கடைசி மரியாதை.

“மகன் வயித்துப் பிள்ளைங்க முதல்ல வாங்க,” என்றார்.

யாரும் அசையவில்லை. பண்டாரம் வெளியூர்க்காரர். புரியாமல் நிமிர்ந்து இன்னொரு தடவை கூப்பிட்டார்.

“மகனுக்கு ஏதுங்க பிள்ளை?” என்றாள் நாகமணி அத்தை. “மக பிள்ளைங்கதான். திலீப், நீ வாய்யா, தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வா.” திலீப் குச்சியை வாங்கிக்கொள்ளும்போது அத்தையின் குரல் உடைந்து ஒப்பாரியாக நீண்டது. எங்கண்ணன் ஒரு பேரனுக்குக் காத்துக் கிடந்ததே, கண்ணு மூடுற மட்டும் வாசலப் பார்த்துக் கிடந்ததே என்று மாரில் தட்டிக்கொண்டாள். பாட்டின் நடுவிலேயே திரும்பி விஷாலினியைப் பார்த்தாள்.

“முடிய நேராக்கத் தெரிஞ்சவளுக்கு, பந்தம் பிடிக்க ஒண்ணப் பெத்துப் போடத் தெரியலையே.”

தனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அது அதிகம் என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். எல்லோரும் திவாகரனைப் பார்த்தார்கள். விஷாலினியும் பார்த்தாள். அவன் வாய் திறந்தது. சொல்லப் போகிறான் என்று ஒரு கணம் நிச்சயமாக நம்பினாள்.

“விடுங்க அத்தை,” என்றான் திவாகரன். “அவ பாவம்.”

பெண்கள் பக்கம் இரக்கமாக ஒரு முனகல் கேட்டது. யாரோ பின்னாலிருந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அந்தக் கை போய்விடாமல் அங்கேயே இருந்தது.

அவள் அதை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். பிள்ளைகளைத் தாண்டி, பண்டாரத்தின் தட்டைத் தாண்டி, மாமாவின் தலைமாட்டில் நின்ற புருஷனுக்கு எதிரில் போய் நின்றாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது. “விஷா, வேணாம்,” என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். அவள் கத்தவில்லை. மாமாவுக்குக் கஞ்சி நேரமாயிற்று என்று தினமும் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

“மாமாகிட்ட சொல்லுங்க. எனக்கு ஒரு குறையும் இல்லன்னு டாக்டர் சொன்னத சொல்லுங்க. யாருக்குக் குறைன்னும் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். தூக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

செல்லையாவின் நாடியைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி, அவருடைய இரண்டு காதுகளையும் மூடியிருந்தது.