கை ஓங்காதீங்க

என் அண்ணன் குகனுக்குத் தெரிந்த பாஷை ஒன்றுதான். அடி. ஜாசினில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். லோரி மக்கர் பண்ணினாலும் உதைப்பான், சாந்தி அண்ணி எதிர்த்துப் பேசினாலும் உதைப்பான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் விஷயம் தெரிந்து அவன் என் வீட்டுக்கு வருகிறான் என்று அண்ணி போன் செய்ததும், நான் இளம்பரிதியிடம் சொன்னது ஒன்றே ஒன்று.

"என்ன செஞ்சாலும் நீங்க கை ஓங்காதீங்க. போலீஸ் கேஸ் ஆச்சுன்னா விசா போச்சு."

இளம்பரிதி துறையூர்க்காரர். இங்கே பாச்சாங்கில் ஒரு கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தபோது பழக்கம். இந்தியாவிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர் இங்கே கல்யாணம் செய்யக் கூடாது. அதனால் பெர்மிட்டை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனார். இரண்டு வருடம் போனிலேயே குடும்பம் நடத்தினோம். நான் அங்கே போவதா, அவர் இங்கே வருவதா என்று சண்டையும் போட்டோம். செங்கில் எனக்கிருந்த ஃபேக்டரி வேலையை விட எனக்கு மனசில்லை. கடைசியில் அவர் விசிட் பாஸில் வந்தார், ரெஜிஸ்டர் செய்தோம். அந்தப் பாஸ் முடிவதற்குள் கணவன் விசாவுக்கு மனு போட வேண்டும். கடைசி நாள் அந்தத் திங்கட்கிழமை. இமிகிரேஷன் கவுன்டரில் அவரோடு நானும் நிற்க வேண்டும்.

எங்கள் பக்கம் முதலில் ரெஜிஸ்டர், பிறகு சாமி கல்யாணம். தாலி ஏறும்வரை 'புருஷன்' என்று சொல்ல வாய் வராது. யார் கேட்டாலும் "கூட்டாளி" என்பேன். எங்களுக்கு அது நண்பன். அவருக்குச் சிரிப்பு வரும்.

"எங்க ஊர்ல கூட்டாளின்னா கொள்ளையடிக்கக் கூடப் போனவன் திலகா."

குகன் கதவைத் தட்டவில்லை, உதைத்தான். கையில் லோரி டயர் கழற்றும் இரும்புக் கம்பி. உள்ளே வந்த வேகத்தில் இளம்பரிதியின் முதுகில் ஒன்று போட்டான். அவர் சுவரில் மோதி நிமிர்ந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"விசாவுக்குத்தான்டா என் தங்கச்சியப் புடிச்ச!"

அடுத்த அடி தோளில். அதற்கடுத்தது வாயில். ரத்தம் சட்டையில் வழிந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஜெயமணி அக்கா வாசலுக்கு ஓடி வந்தார்.

"இவன் யாருடி ஒனக்கு? அக்கா முன்னால சொல்லு!" என்றான் குகன்.

பாழாய்ப்போன பழக்கம். "கூட்டாளி" என்று வந்துவிட்டது.

"கேட்டீங்களாக்கா? கூட்டாளியாம்!"

"ரெஜிஸ்டர் ஆயிருச்சுண்ணே!"

"தாலி எங்கடி?"

"நீயும் அண்ணியும் ரெஜிஸ்டர் பண்ணிட்டுத்தான கவர்மெண்ட் வீட்டுக்கு மனு போட்டீங்க? அப்ப தாலி எங்க இருந்துச்சு? சட்டப்படி என் பொண்டாட்டின்னு ஆபீஸ்ல நீதான கத்தின?"

அவன் தன் பாஷையிலேயே பேசினான். என் கன்னத்தில் விட்டான். காது அடைத்துக்கொண்டது. அதுவரை பின்னால் இருந்த இளம்பரிதியின் கை முன்னால் வந்தது. மாவு பிசைந்து இறுகிய கை, ஒரு குத்துக்கு குகன் தாங்கமாட்டான்.

"கை ஓங்காதீங்க!" என்று அலறினேன்.

அவர் நிறுத்தினார். என் பேச்சைக் கேட்டு நிறுத்தினார். நின்ற அந்தக் கைமேல் குகன் கம்பியை இறக்கினான். விரல் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குகன் மறுபடி ஓங்கினான், இந்த முறை தலைக்கு.

அடுப்படியில் மிளகாய்ச் சம்பல் இடிக்கும் குழவிக்கல் கிடந்தது. எடுத்தேன். குகனின் மணிக்கட்டில் போட்டேன். கம்பி விழுந்தது. முழங்காலில் போட்டேன். அவனும் விழுந்தான்.

"எனக்கு விசா தேவையில்லடா! நான் இங்க பொறந்தவ!"

என்னைத் தூக்கி வளர்த்த அண்ணன். பாவம் என்று தோன்றவே இல்லை. இன்னொன்றும் போட்டேன்.

ஜெயமணி அக்கா கூப்பிட்ட போலீஸ் வந்தபோது குகன் தரையில் கிடந்தான். வலியிலும் புத்தி வேலை செய்தது அவனுக்கு. இளம்பரிதியைக் காட்டி, "இவன்தான் என்ன அடிச்சான், இந்தியாக்காரன்!" என்று மலாயில் கத்தினான்.

போலீஸ்காரர் இளம்பரிதியின் பாஸ்போர்ட்டைக் கேட்டார். நான் நடுவே போய் நின்றேன். குழவிக்கல் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"சாயா யாங் புக்குல்," என்றேன். அடித்தது நான்தான்.

"இவர் யார்?"

"சுவாமி சாயா."

மலாயில் புருஷனுக்கு அதுதான் வார்த்தை. சாமி கல்யாணத்துக்கு முன்பே, ஊரறியச் சொல்லிவிட்டேன். கல்லை வாங்கிக்கொண்டு எனக்கு விலங்கு மாட்டினார்கள். அவருக்கு மாட்டவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நான் போலீஸ் காரில் ஏறியபோது இளம்பரிதி வீங்கிய கையோடு கூடவே ஓடி வந்தார்.

"திலகா, நாளைக்குத் திங்கட்கிழமை."

கவுன்டரில் அவரோடு நிற்க வேண்டியவள் நான். போலீஸ்காரர் கார் கதவைச் சாத்தினார்.