முதல் லாட் நம் வண்டிகளுக்கு

ரப்பர் உறையை நகத்தால் உரித்ததும் உள்ளே சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அவள் வைத்த புள்ளிதான். கம்பெனியை விட்டு வெளியே போகும் எந்த மாதிரித் துண்டானாலும், மறைவான ஓர் இடத்தில் தன் நகப்பூச்சில் ஒரு துளி வைத்துத்தான் அனுப்புவாள். கொள்முதல் பிரிவில் இதைச் சொல்லி அவளைக் கேலி செய்யாத ஆளே கிடையாது. கடல் தாண்டி இருக்கும் புது சப்ளையருக்கு, இதே போல் செய்து காட்டுங்கள் என்று வரைபடத்தோடு அவள் அனுப்பிவைத்த பிரேக் கேபிள் இது. அந்தப் புண்ணியவான்கள் இதற்கே புது முலாம் பூசி, புது உறை மாட்டி, தாங்கள் செய்த மாதிரி என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சோதனைக்கூடத்தில் எவ்வளவு இழுத்தும் இது அசைந்து கொடுக்கவில்லை. எப்படிக் கொடுக்கும்? இவ்வளவு காலமும் கம்பெனியின் ஸ்கூட்டர்களுக்குக் கேபிள் கொடுத்துவந்த உள்ளூர்ப் பட்டறையின் வேலை அல்லவா. அதைப் பார்த்துப் பூரித்துப்போய் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

பக்கத்தில் இன்னொரு கேபிள் கிடந்தது. இது நிஜமாகவே அங்கிருந்து கப்பலில் வந்த முதல் லாட் சரக்கில் ஒன்று. பிரேக் பிடிக்கும்போது ஏதோ நழுவுகிற மாதிரி இருக்கிறது என்று ஸ்டோர்காரர் காலையில் தன் வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முனையில் இருந்த உலோகக் குமிழ் கம்பியோடு வராமல் மெதுவாக விலகியது. அது கழன்றுவிட்டால் பிரேக்கே பிடிக்காது.

வெளிநாட்டில் வாங்குவது என்று முடிவானபோது திட்டத்தை எழுதச் சொன்னது அவளைத்தான். ஒரே நாட்டை நம்ப வேண்டாம், பழைய பட்டறைக்குப் பாதி ஆர்டராவது தொடரட்டும், ஆர்டர் கொடுக்குமுன் ஒருவர் நேரில் போய் அவர்கள் தொழிற்சாலையைப் பார்த்துவர வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தாள். மேலே போன திட்டம் கைகால் இல்லாமல் திரும்பி வந்தது. பாதி ஆர்டருக்கு அந்த விலை கிடைக்காதாம், போய்வர விமானச் செலவாம். கடைசி வரியை மட்டும் யாரும் தொடவில்லை, அதற்குக் காசு ஆகாது. முதல் லாட் கடைக்குப் போகாது. ஊழியர்களின் வண்டிகளில் மாட்டி ஓட்டிப் பார்க்கப்படும். யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று அவள் யோசித்து யோசித்து எழுதிய வரி. தயங்கியவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று முதலில் கொடுத்ததே தன் கணவனின் ஸ்கூட்டரைத்தான். பெயின்ட் பிரிவில் வேலை செய்யும் அவன், என் பெண்டாட்டி வாங்கின கேபிள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான்.

இரண்டு கேபிளையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினாள். எதற்கும் சூடாகாத அவருக்கு ஐஸ்கட்டி என்று பெயர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். புள்ளியைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"திங்கக்கிழமை லேப்ல போட்டுப் பாத்துக்கலாம்மா. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. கையெழுத்து உங்களுது."

"சார், ஷிப்ட் விடப் போகுது. எல்லாரும் அந்த வண்டியிலதான் வீட்டுக்குப் போவாங்க."

"இத்தன நாளும் போயிட்டுத்தானே இருந்தாங்க?"

அவருடைய விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. இந்த மனிதரும் பயந்துபோயிருக்கிறார் என்பது புரிந்ததும் அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் போய்விட்டது. வேலை போகும், பேர் கெடும், போகட்டும். கணவன் பத்திரமாக வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அவள் வெளியே வந்து அவனுக்குப் போன் செய்தாள். வேலை நேரத்தில் பெயின்ட் பிரிவு போன்களெல்லாம் லாக்கரில் இருக்கும் என்பது தெரிந்தும் மறுபடி மறுபடி செய்தாள். பிறகு ஓடினாள். பாதி வழியில் சங்கு ஊதிவிட்டது.

இனி பெயின்ட் பிரிவுக்குப் போய்ப் பயனில்லை. வண்டி நிறுத்துமிடம் மாடியில். அங்கிருந்து ஒரு செங்குத்தான சரிவு நேரே கேட்டில் வந்து இறங்கும். வேறு வழி கிடையாது. அவள் கேட்டுக்குப் போய்ச் சரிவின் அடியில் நடுவழியில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டாள். யாரையும் விடக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் ஓடவில்லை. தள்ளி நில்லுங்கம்மா என்று வாட்ச்மேன் பதறினார். மேலே வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

முதலில் தலைகாட்டியது அவன்தான். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும் என்று தினமும் அவன்தான் முதலில் கிளம்புவான். கையை விரித்துக்கொண்டு நிற்கும் மனைவியைப் பார்த்ததும், இன்றைக்கு என்ன கூத்து என்பது போல் சிரித்தான். வண்டியின் மூக்கு சரிவில் இறங்கியது.

நிறுத்துங்க என்று கத்த வாயெடுத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்துவதற்கு அவனிடம் இருப்பது அந்தக் கேபிள்தான். கத்தினால் அவன் பிரேக்கைத்தான் பிடிப்பான். விரித்த கைகளோடு அவள் அங்கேயே நின்றாள்.

அவன் சிரித்தபடியே இரண்டு பிரேக்கையும் சேர்த்து மடக்கிப் பிடித்தான்.