ஜீவனஹள்ளி ஊர்ப்படை

கிரணுக்குப் பயம் ஜாஸ்தி. இதை ஆகாதவர்கள் யாரும் கிளப்பிவிடவில்லை. பெற்ற அப்பா பெருமாள்சாமியே வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கரப்பான்பூச்சிக்குப் பயம், பல் டாக்டருக்குப் பயம், கம்ப்யூட்டரில் ஓடிவரும் பொம்மைக் குதிரைவீரனுக்குக்கூடப் பயம். ஆனால் குடும்பங்கள் இப்படிப்பட்ட பிள்ளையின் தலையில்தான் பெரிய பொறுப்புகளைக் கட்டிவிடுகின்றன. தைரியசாலிகள்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்களே.

இந்த வீட்டின் தைரியசாலி அண்ணன் ராகேஷ். தோஹாவில் ஏசி மெக்கானிக். கிரணுக்கு ஆஸ்டின் டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. முதலாளி முஸ்லிம் என்பதால் வெள்ளிக்கிழமை கடை திறப்பதில்லை. தோஹாவிலும் வெள்ளிதான் லீவு. ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானங்களில், ஜீவனஹள்ளி வீட்டின் முன்னறையில், கடையில் கழித்துப்போட்ட பாகங்களைக் கோத்துக் கிரண் செய்த கம்ப்யூட்டரில், அண்ணனும் தம்பியும் ஹெட்போனில் பேசிக்கொண்டே போர் நடத்துவார்கள்.

பழைய காலத்துக் கோட்டையும் பீரங்கியும் வருகிற விளையாட்டு அது. இருவருக்கும் சேர்த்து ஒரே ஊர். அதற்கும் ஜீவனஹள்ளி என்றே பெயர் வைத்திருந்தார்கள். படையை ஓட்டிக்கொண்டு ராகேஷ் வெளியே போய்விடுவான். வயல், மதில், களஞ்சியம், சந்தைச் சதுக்கத்தில் தொங்கும் மணி எல்லாம் கிரண் பாடு. படை தூரத்தில் இருக்கும்போது எதிரி வந்துவிட்டால் கிரண் அந்த மணியை அடிக்கலாம். அடித்தால் ஊர்ப்படை வரும். கையில் அகப்பட்ட மண்வெட்டியோடும் கோடாலியோடும் ஊர் ஜனங்கள் ஓடிவந்து நிற்பார்கள். வந்த வேகத்தில் அவர்களுக்கு யானை பலம். ஆனால் வந்த கையோடு தலைக்கு மேலிருக்கும் பச்சைக் கோடு கரைய ஆரம்பித்துவிடும். எதிரி வந்தாலும் கரையும், வராவிட்டாலும் கரையும். கோடு தீர்ந்தால் ஆள் விழுந்துவிடுவான். ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறைதான் மணி.

பெருமாள்சாமி பின்னால் கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்ப்பார். பீன்யா தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இதயத்தின் பம்பிங் கம்மி என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அவருக்கு இதுதான் சினிமா. சண்டை முடிந்ததும் அவனுங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களா என்று ஒரு தடவை கேட்டார். அதற்கு வழியில்லை என்று கிரண் சொன்னான். அப்புறம் எதுக்குடா கூப்பிடறீங்க என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

கிரணோ, தூரத்தில் தூசி தெரிந்தால் போதும், மணியை அடித்துவிடுவான். பார்த்தால் அது எதிரியாக இருக்காது. பக்கத்து ஊர் வியாபாரியின் மாட்டுவண்டியாக இருக்கும். வந்த ஜனமெல்லாம் சதுக்கத்தில் வெறுமனே நின்று தேய்ந்து சாயும். அதற்குப் பிறகு நிஜ எதிரி வந்து சாவகாசமாக ஊரைக் கொளுத்துவான். ராகேஷ் ஹெட்போனில் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தமே கேட்கும்.

மார்ச் மாதம் நிஜமாகவே தூசி கிளம்பியது. பெருமாள்சாமிக்கு நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்கு முகமூடி மாட்டி, ஐசியூவில் போட்டார்கள். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபின் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? கிரண் அழுதுகொண்டே தோஹாவுக்குப் போன் போட்டான். வருஷத்துக்கு ஒரே ஒருமுறை கிடைக்கிற எமர்ஜென்சி லீவைப் போட்டுவிட்டு ராகேஷ் பறந்து வந்தான்.

ஏர்போர்ட்டிலிருந்து பையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தால், பெருமாள்சாமி முகமூடியைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்துகொண்டு, உப்புமாவில் உப்பில்லை என்று நர்சிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். பெரிய மகனைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னாடா, தம்பி மணி அட்ச்சிட்டானா?" என்றார்.

ஐசியூ என்றும் பாராமல் மூன்று பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தபின் இருந்த சில நாளும் ராகேஷ் அப்பாவுக்குத் தானே முகச்சவரம் செய்தான், கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போய் வெயிலில் உட்கார வைத்தான். அம்மா சரசு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் சோறு வைத்தாள். கிரணுக்கு மட்டும் உள்ளுக்குள் கூசிக்கொண்டே இருந்தது. அண்ணனுடைய ஒரே லீவை மாட்டுவண்டிக்குச் செலவழித்துவிட்டோமே என்று.

திரும்பிப் போகிற அன்று டாக்சியில் பையை வைத்துவிட்டு ராகேஷ் அவன் தோளில் கை போட்டான். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் அது அப்படி ஒட்டிக்கொண்டது.

"தபாரு, இந்த வருசத்துக்கு எனக்கு இன்னொரு லீவு இல்ல. இனிமே எதிரி மதில்கிட்ட வந்தப்புறம் அடி. இன்னா?"

கிரண் தலையாட்டினான். பயந்தவர்கள் பாடத்தை அரைகுறையாகப் படிப்பதில்லை. உயிரைக் கொடுத்துப் படிப்பார்கள்.

மழைக்காலத்தில் பெருமாள்சாமிக்கு மறுபடி மூச்சு வாங்கியது. அதே ஆஸ்பத்திரி, அதே ஐசியூ, டாக்டர் வாயிலிருந்து அதே வார்த்தைகள். இந்த முறை கிரண் போனைக் கையிலேயே வைத்திருந்தான், அழுத்தவில்லை. ராகேஷுக்குச் சொல்லிவிட்டாயா என்று சரசு கேட்டபோதெல்லாம் பார்க்கலாம்மா என்றான். முகமூடிக்குள்ளிருந்து அப்பா கண்ணாலேயே கேட்டார். அதற்கும் பார்க்கலாம்ப்பா என்றான். போன தடவை எழுந்து உட்கார்ந்தவர் இந்தத் தடவையும் உட்காருவார், உப்பில்லை என்று கத்துவார் என்று அவன் நம்பினான். நம்பாமல் எப்படி இருப்பது?

அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. விளையாட வராவிட்டால் அண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே அம்மாவை ஐசியூ வாசலில் உட்கார வைத்துவிட்டு, துணி எடுத்துவருகிறேன் என்று சொல்லி வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அப்பா எங்கே, சத்தத்தையே காணோம் என்று ராகேஷ் கேட்டான். தூங்குகிறார் என்று சொன்னான் கிரண். பின்னால் கட்டில் காலியாகக் கிடந்தது.

அன்றைய ஆட்டத்தில் தூசி தெரிந்தது. அவன் அடிக்கவில்லை. குதிரைகள் தெரிந்தன. அடிக்கவில்லை. மதிலில் முதல் கல் பெயர்ந்து விழுந்த பிறகே அடித்தான். ஊர்ப்படை புத்தம்புது பலத்தோடு பாய்ந்து எதிரியை விரட்டியது. "சபாஷ்டா. இப்பதான் நீ கத்துக்கின" என்று ராகேஷ் ஹெட்போனில் கத்தினான். அந்தப் பாராட்டைக் காதில் வைத்துக்கொண்டுதான் கிரண் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினான். ஐயோ, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தான்.

மறுநாள் பெருமாள்சாமிக்கு மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். அப்போதுதான் கிரண் அண்ணனுக்குச் சொன்னான். வேலை போனால் போகட்டும் என்று ராகேஷ் கிளம்பினான். ஆனால் அவனுக்குக் கிடைத்தது அடுத்த நாள் காலை விமானம்தான். அது மேலே பறந்துகொண்டிருந்த நேரத்தில் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. ராகேஷ் வந்து பார்த்தது ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி வழியாகத்தான். தாடி முளைத்திருந்த அப்பாவின் கன்னத்துக்கு நேராகக் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றான். கல்பள்ளி மயானத்துக்குக் கொண்டுபோகும்வரை தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவில்லை.

திட்டியிருந்தால் கிரண் தாங்கியிருப்பான். பேசாத அண்ணனோடு ஒரே வீட்டில் இருப்பதுதான் நரகமாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்ப்பான், வாய் வரை வந்ததும் விழுங்கிவிடுவான். அண்ணன் இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டான் என்று முடிவே கட்டிவிட்டான்.

காரியம் முடிந்த வாரத்து வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு ஆனதும் ராகேஷ் அப்பாவின் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். லேப்டாப்பைத் திறந்தான்.

"போடு. ஒரு ஆட்டம்" என்றான்.

கிரணுக்கு விருப்பமில்லை. ஆனால் அண்ணன் வாயைத் திறந்ததே பெரிது. ஊர் வந்தது. வயலில் பெண்கள் குனிந்து வேலை செய்தார்கள், மதில் பாதிதான் எழும்பியிருந்தது, எதிரி எங்கோ எல்லைக்கு அப்பால் இருந்தான். ராகேஷ் படையை வெளியே அனுப்பவில்லை. எழுந்துவந்து, தம்பியின் கையிலிருந்து மௌஸை வாங்கி, சதுக்கத்து மணியை அடித்தான்.

"எதிரி யாரும் வரலியேண்ணா" என்றான் கிரண்.

"இருக்கட்டும். நம்ம ஜனம் வந்து நிக்கட்டும்."

ஊர் ஜனங்கள் மண்வெட்டியோடு ஓடிவந்து நின்றார்கள். யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பச்சைக் கோடுகள் கரையத் தொடங்கின.

"மார்ச்ல நீ பயந்து அட்ச்ச பாரு," என்றான் ராகேஷ், திரையைப் பார்த்துக்கொண்டே. "அதுலதான்டா நான் அப்பாவ பாத்தேன். அதுதான் எனக்குக் கெடச்சது."

அந்த வெள்ளிக்கிழமைண்ணா என்று கிரண் ஆரம்பித்தான். ராகேஷ் முடிக்க விடவில்லை.

"தெரியும். அம்மா சொல்லிட்டாங்க." பிறகு குரல் உடைந்து சொன்னான், "உனக்கு சபாஷ்னு வேற சொன்னேனேடா."

சமையலறையில் சரசு பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சதுக்கத்தில் ஜனங்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். கடைசி ஆள் விழுந்தபின், மதிலுக்கு வெளியே எதிரியின் முரசு கேட்டது. அண்ணனும் தம்பியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் மௌஸைத் தொடவில்லை.