உப்பு ஏறும் வேகம்

"ரத்தத்துல உப்பு ரொம்பக் குறைஞ்சு போச்சும்மா" என்று டாக்டர் சங்கீதா சொன்னதும் பாப்பாத்திக்குச் சுள்ளென்று கோபம்தான் வந்தது. யாருக்கு உப்பு குறைந்ததாம்? மீசை முளைக்கும் முன்பே மரக்காணம் உப்பளத்தில் பாத்திக்குள் இறங்கிய அவள் புருஷன் மாயவனுக்கா? அவன் சட்டையைக் கழற்றி உதறினால் ஒரு வீட்டுக்கு ஊறுகாய் போடலாம். காது மடலில்கூட உப்புப் பூத்துக் கிடக்கிற மனுஷனைப் பார்த்து உப்பு இல்லை என்றால் கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

"நல்லா பாத்தீங்களா டாக்டரம்மா? வேற யாரோட ரத்தமோ மாறிப் போயிருக்கும்."

டாக்டர் சங்கீதா பொறுமைசாலி. இன்னொருத்தராக இருந்தால் அந்த இடத்திலேயே வள்ளென்று விழுந்திருப்பார்கள். "அவருக்கு ரெண்டு நாளா வாந்தி பேதின்னு நீங்கதானே சொன்னீங்க? அதோட வெயில்ல வேலைக்குப் போயிருக்காரு. தாகத்துக்கு வெறும் தண்ணியா குடம் குடமா குடிச்சிருக்காரு. போதாததுக்கு அந்த பிரஷர் மாத்திரை, அது உப்பை மூத்திரத்துல வெளிய தள்ளுற மாத்திரை. வாந்தியில அதை நிறுத்தியிருக்கணும், விடாம முழுங்கியிருக்காரு. வெளியில எவ்ளோ உப்பு இருந்தா என்ன, உள்ள இல்ல. அதான் வலிப்பு வந்துச்சு."

அந்த வலிப்பு இன்னும் பாப்பாத்தியின் கண்ணுக்குள்ளேயே நின்றது. பாத்திக்குள் குப்புற விழுந்து கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தபடி கிடந்தான். வாயில் நுரை. தூக்கிக்கொண்டு ஈ.சி.ஆர். ரோட்டுக்கு ஓடி, ஆம்புலன்ஸ் பிடித்து இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் அவள் பாதி செத்துவிட்டாள். வரும் வழியிலேயே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தாள். படுக்க வைத்துக் கூட்டி வந்த புருஷனை நடக்க வைத்துத்தான் கூட்டிப் போவேன், எவன் குறுக்கே வந்தாலும் சரி.

"உப்பு மருந்து ஏத்துறோம்" என்றார் டாக்டர். "ஆனா கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். நாங்க சொல்லாம வாய் வழியா எதையும் குடுக்கக்கூடாது. தண்ணிகூட அளவாத்தான். புரியுதா?"

பாப்பாத்தி தலையாட்டினாள். ஆனால் காதுக்கு வேண்டியதை மட்டும்தானே காது எடுத்துக்கொள்ளும்! உப்பு குறைவு, உப்பு ஏற்ற வேண்டும் என்பது நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக என்பது மின்விசிறிக் காற்றோடு போய்விட்டது.

கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் ஒரு சின்ன பாட்டில் தொங்கியது. கிறிஸ்டி என்கிற நர்ஸ் பொண்ணு, வானூர் பக்கத்துக்காரி, குழாயில் இருந்த சக்கரத்தை விரலால் உருட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சொட்டு எண்ணினாள். ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு விழுவதற்குள் பாப்பாத்தி ஒரு கொட்டாவி விட்டு முடித்துவிட்டாள்.

"இன்னா சிஸ்டர் இது, கஞ்சத்தனமா இருக்குது? கொஞ்சம் தொறந்து வுடேன்."

"யக்கா, இதுல கை வச்சீங்க, நான் கொலகாரி ஆயிடுவேன்" என்றாள் கிறிஸ்டி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

சரி, அதில் கை வைக்கக் கூடாது. பாப்பாத்தி வைக்கவும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை அவள் காப்பாற்றினாள், பாவம்.

மறுநாள் காலை மாயவன் கண்ணைத் திறந்து, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டான். பாப்பாத்திக்குக் கட்டிலைச் சுற்றி ஓட வேண்டும் போலிருந்தது. காலையில் எடுத்த ரத்தத்தில் உப்பு சொன்னபடி கொஞ்சம் ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னார். இனி வாய்க்கு அரை டம்ளர் கஞ்சி கொடுக்கலாம் என்றாள் கிறிஸ்டி.

அங்கேதான் பாப்பாத்தியின் மூளை குறுக்கே ஓடியது. இத்துனூண்டு சொட்டுக்கே கண்ணைத் திறந்து பேசுகிறானே, கை நிறைய உள்ளே போனால் எழுந்து நடக்க மாட்டானா? அதுவும் யாரோ எங்கோ பாட்டிலில் அடைத்த உப்பு எதற்கு? தங்கள் பாத்தியில் தாங்களே வாரிக் குவித்த உப்பு அம்பாரமாகக் கிடக்கிறதே! கொழுந்தன் ராஜ்கமலுக்கு போன் போட்டாள். அவன் பஸ் ஏறி ஒரு கேரி பேக்கில் உப்பைக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். எதற்கென்று அவனும் கேட்கவில்லை. அண்ணி கேட்டால் அவன் மலையையே பெயர்த்துக் கொண்டுவருவான், அப்படிப்பட்ட ஆள்.

அவன் போனதும் முதல் கஞ்சியில் ஒரு ஸ்பூன் உப்பு. மாயவன் முதல் மடக்கிலேயே முகத்தைச் சுளித்தான்.

"இன்னாடி இது, கடலையே மொண்டாந்துட்டியா? கரிக்குது!"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங் கஞ்சில உப்பு போதல, உப்பு போதலன்னு ஊரைக் கூட்டுவியே. இப்ப குடி."

அது உண்மைதான். அந்த வீட்டில் தினமும் நடக்கிற சண்டை அது ஒன்றுதான். அவன் உப்பு போதவில்லை என்பான். அவள் உப்பளத்துக்காரனுக்கு நாக்கு செத்துப் போச்சு என்பாள். இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். மத்தியானம் இன்னொரு ஸ்பூன். அப்புறம் தண்ணீர் தண்ணீர் என்று கெஞ்சினான். தண்ணீர் அளவாகத்தான் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு அப்போது மட்டும் கரெக்டாக ஞாபகம் வந்தது. ஒரு வாய்க்கு மேல் கொடுக்கவில்லை.

சாயங்காலம் ரத்தம் எடுத்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் சங்கீதா வேகமாக உள்ளே வந்தார். பொறுமைசாலி முகம் செத்துப் போயிருந்தது.

"கிறிஸ்டி! எவ்ளோ வேகத்துல ஓட்டுன? ஒரு நாள்ல ஏற வேண்டியதைத் தாண்டிப் போயிருக்கு!"

"நீங்க எழுதுன வேகம்தான் டாக்டர். சொட்டு எண்ணித்தான் வச்சேன்."

"மத்தியானம் பாட்டில் மாத்துனியே, பழசு எங்க? எவ்ளோ மிச்சம்னு பாக்கணும்."

"குப்பைக்குப் போயிடுச்சு டாக்டர்." கிறிஸ்டி கும்பிடாத குறையாகச் சொன்னாள். "சத்தியமா நான் வேகமா விடல."

டாக்டர் பாட்டில் குழாயை இறுக்கி மூடினார். சுற்றிக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பாப்பாத்திக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. உப்பு ஏறிவிட்டது! அப்புறம் எதற்கு இவர்கள் சாவு வீடு மாதிரி நிற்கிறார்கள்?

"ஏறிடுச்சின்னா நல்லதுதானேங்க?" என்று கேட்டாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "வேகமா ஏறினா மூளை தாங்காதும்மா. உப்பு கம்மியா இருந்தப்ப அந்த மூளை அதுக்கேத்த மாதிரி தன்னைப் பழக்கிக்கிச்சு. திடுக்குனு ஏத்துனா நரம்பு வெந்து போயிடும். இன்னிக்கு நல்லாப் பேசுவாரு. ரெண்டு நாள், மூணு நாள் கழிச்சுப் பேச்சு குழறும், முழுங்க வராது, கை கால் வராது. அப்புறம் ஜென்மத்துக்கும் அப்படியேதான். அதான் சொட்டு எண்ணி விடுறோம்." மறுபடி கிறிஸ்டியிடம் சொன்னார்: "மருந்து வேகமா போயிருந்தா, இப்ப மூடியாச்சு, இதோட நின்னுடும். வேற ஏதாவதுன்னா இன்னும் ஏறிக்கிட்டே இருக்கும். எனக்கு உண்மை தெரிஞ்சாகணும்."

கிறிஸ்டி அந்த மூடின குழாயையே பார்த்தாள். தாரை தாரையாகக் கண்ணீர் வந்தது.

இப்போதுதான் பாப்பாத்திக்குப் புரிந்தது. கட்டிலுக்குக் கீழே, துணிப் பைக்குள் அந்த கேரி பேக் இருந்தது. சொன்னால் இந்த நிமிஷமே வெளியே துரத்துவார்களோ? சொந்தக்காரர்கள் புருஷனைத் தின்னவள் என்று காறித் துப்புவார்களே. சொல்லாவிட்டால்? பழி அந்தப் பொண்ணு தலையில் விழும், அவ்வளவுதானே. ஆனால் அவன் வயிற்றுக்குள் கிடக்கிற உப்பு யாருக்காகவும் நிற்காதே. இவன் வாய் பேசாமல் போனால் அந்த வீட்டில் அவளோடு சண்டை போட யார் இருக்கிறார்கள்?

குனிந்து கேரி பேக்கை எடுத்து டாக்டர் கையில் வைத்தாள்.

"அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் குடுத்தேன். கஞ்சில கலந்து. பாவி நான்தான்."

டாக்டர் பையைப் பிரித்துப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"எத்தனை தடவை? எவ்ளோ?"

"ரெண்டு தபா. ஒவ்வொரு ஸ்பூன்."

"தண்ணி?"

"கேட்டாரு. நான் குடுக்கல."

"நல்ல வேளை, இப்பவாச்சும் சொன்னீங்க." அதற்கப்புறம் டாக்டர் நிற்கவில்லை. உப்புப் பாட்டில் போய் குளுக்கோஸ் பாட்டில் வந்தது. குடிக்கிற தண்ணீர் மூத்திரமாக ஓடிப் போகாமல் பிடித்து வைக்க ஒரு ஊசி போட்டார்கள். ஏறினதை மெல்ல இறக்க வேண்டும், அதுவும் அளவு பார்த்துத்தான் என்றார் டாக்டர். கிறிஸ்டி ஒரு அளவு ஜாடியைக் கொண்டுவந்து ஸ்டூலில் டங்கென்று வைத்தாள்.

"இதுல இருக்கற தண்ணிய நான் சொல்லச் சொல்ல குடுக்கணும். அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது, கீழயும் கிடையாது. உங்க மேல கோவம் இருக்குக்கா எனக்கு. நிறைய இருக்கு. அது அப்புறம்."

"அடிச்சாக்கூட வாங்கிக்கிறேன் சிஸ்டர். அவரைக் குடுத்துடு."

விடிந்ததும் எடுத்த ரத்தத்தில் உப்பு இறங்கி, டாக்டர் சொன்ன கோட்டுக்குள் வந்து நின்றது. ஆனால் மூளைக்குச் சேதம் நடந்ததா இல்லையா என்று நாள் போனால்தான் தெரியும். இந்த நாட்கள்தான் நரகம். பாப்பாத்தி வார்டை விட்டு அசையவில்லை. ராஜ்கமல் உப்பு போட்ட மோரும், கடையில் வாங்கின உப்புக் கரைசல் பாக்கெட்டும் கொண்டுவந்தான். வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணி, அண்ணன் தெம்பாவட்டும்னுதான்..."

"நர்ஸ் கையால வராத எதுவும் இந்தக் கட்டில்கிட்ட வரக்கூடாது. உங்கண்ணன் பிரஷர் மாத்திரையக்கூட டாக்டர் வாங்கி வச்சுக்கிட்டாங்க. மோரை நீயே குடிச்சுட்டு பஸ் ஏறு."

ஒவ்வொரு நாளும் காலையில் அவன் கண் திறந்ததும் பேச வைத்தாள். உன் பேர் என்ன, என் பேர் என்ன, நம்ம பாத்தி எந்தப் பக்கம், கையைத் தூக்கு, காலை மடக்கு. மூன்றாம் நாள் அவள் கண் அசந்து எழுந்தபோது அவன் ஏற்கெனவே விழித்திருந்தான், வாயைத் திறக்கவேயில்லை. பேர் கேட்டாள், விழித்துப் பார்த்தான். மறுபடி கேட்டாள், இல்லை. "ஐயோ, சிஸ்டர்!" என்று அவள் போட்ட கூச்சலில் கிறிஸ்டி ஓடிவந்தாள். பார்த்தால் வாய் நிறைய, கிறிஸ்டி காலையில் கொடுத்த பன்னு! மென்று முழுங்கிவிட்டு, "எத்தினி தபாடி எம் பேரைக் கேப்ப, மறந்து போச்சுன்னா எழுதி மாட்டிக்க" என்றான் மாயவன். அந்த உப்பு விவகாரத்துக்கு அப்புறம் கிறிஸ்டி அன்றைக்குத்தான் அவளைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

வாரம் ஒன்று கழிந்த ஒரு காலையில் டாக்டர் அவனை நடக்கச் சொன்னார். ஜன்னல் வரை போய் வந்தான். கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கையைப் பிடித்து இழுக்கச் சொன்னார்.

"தப்பிச்சுட்டாரும்மா" என்றார். "இனிமே பயமில்ல."

பாப்பாத்தி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கிறிஸ்டி அளந்து கொடுத்த உப்பைப் போட்ட கஞ்சி. மாயவன் ஒரு வாய் குடித்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒரு எழுத்துகூடக் குழறாமல் சொன்னான்:

"ஏன்டி பாப்பாத்தி, கஞ்சில உப்பே போதலியேடி."

இத்தனை வருஷத்தில் இந்தப் பேச்சுக்கு அவள் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. இன்று அவன் காலடியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

"இன்னொரு தபா சொல்லுய்யா" என்றாள்.